பக்கவாத நோயாளர்க்கு மயக்க மருந்து அளித்தல்

பக்கவாதத்தால் உடலின் ஒரு பாதி செயலிழந்தவருக்கு மயக்கமளிக்கையில் பெரிதும் அஞ்சத்தக்கது, சுவாசக்குழாய் செருகுவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் ஆகும். நரம்பின் ஆணை குன்றிய தசைகளில் அசிட்டைல்கோலின் ஏற்பிகள், அதாவது நரம்புச் செய்தியைப் பெறும் புரதங்கள், சில நாள்களிலேயே பெருகிப் பரவத் தொடங்குவதால், இம்மருந்து பட்டவுடன் தசைகளிலிருந்து வெளியேறும் பொட்டாசியம் இரத்தத்தில் திடீரென மிகுந்து இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். ரோகுரோனியம் போன்ற மாற்று மருந்துகளுக்கோ அத்தசைகள் எளிதில் தளர்வதில்லை. ஆகவே தளர்ச்சியை அளக்கும் நரம்புத் தூண்டற்கருவியைப் பாதிக்கப்படாத கையில் பொருத்த வேண்டும், இல்லையேல் மருந்து அளவுமீறிச் செலுத்தப்படும். மிடசோலம் முதலிய அமைதியூட்டிகள், ஏற்கெனவே தேறிவிட்ட கைகால் பலவீனத்தைச் சிலரிடம் தற்காலிகமாக மீண்டும் வெளிப்படுத்துவதுண்டு. மருந்தின் தாக்கம் நீங்குகையில் அதுவும் மறையுமெனினும், புதிய பக்கவாதத்திலிருந்து அதனைப் பிரித்தறிவதற்கு, முன்கூட்டியே தசைவலிமையைச் சோதித்துக் குறித்துவைத்தல் இன்றியமையாதது.