உள்ளே தைத்த துணி

தாக்கரே எழுதிய 'வானிட்டி ஃபேர்' நாவலை வாசித்தவர்கள் அதில் வரும் பச்சைப் பட்டுப் பையை மறந்திருக்க மாட்டார்கள். 1847-ல் மாதத் தொடராக வெளிவரத் தொடங்கிய கதை அது. கையில் காசில்லாத, ஆனால் புத்திக்குக் குறைவில்லாத பெக்கி ஷார்ப், வங்காளத்தில் கலெக்டர் உத்தியோகம் பார்த்துவிட்டு ஊர் வந்திருக்கும் ஜோஸ் செட்லியை மணந்துகொண்டுவிடப் பார்க்கிறாள். அதற்கு அவள் எடுக்கும் ஆயுதம் ஒரு பணப்பைதான். பட்டு நூலில் அதைப் பின்னிக்கொண்டே பேச்சுக் கொடுக்கிறாள். அந்தப் பருத்த மனிதரின் இரண்டு கைகளிலும் நூல் சிட்டத்தை மாட்டி, அசையவிடாமல் உட்கார்த்தி வைத்துவிடுகிறாள். கலியாணம் என்னவோ நடக்கவில்லை. பெக்கி வேறு இடம் பார்க்க வேண்டியதாயிற்று.

தாக்கரே இதை ஆகாயத்திலிருந்து பிடித்துவிடவில்லை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் நல்ல குடும்பத்துப் பெண் என்றால் பியானோ வாசிக்க வேண்டும், படம் எழுத வேண்டும், பணப்பை பின்ன வேண்டும். 1813-ல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலிலும் பெண்களின் திறமைகளைப் பற்றிய பேச்சில் பணப்பை பின்னுவது வந்துவிடுகிறது. பின்னிய பையை அண்ணனுக்கோ வருங்காலக் கணவனுக்கோ பரிசாகக் கொடுப்பது வழக்கம். பின்னிய கை பெண்ணுடையது. உள்ளே போகும் பணம் ஆணுடையது. இந்தச் சங்கதியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

இதற்கு முந்தைய நூற்றாண்டில் அந்நாட்டுப் பெண்களுக்குக் கைப்பையே தேவைப்படவில்லை. நாடாவில் கோத்த இரண்டு துணிப் பைகளை இடுப்பில் கட்டிக்கொண்டு, அதற்கு மேல் விரிந்த பாவாடையை உடுத்திக்கொள்வார்கள். பாவாடையின் பக்கத் தையலில் ஒரு திறப்பு இருக்கும். அதன் வழியே கையை விட்டால் சாவி, கத்தரிக்கோல், சில்லறை எல்லாம் அகப்படும். நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப் பைக்கு அது ஒன்றுவிட்ட சகோதரி.

1790-களில், பிரெஞ்சுப் புரட்சியை ஒட்டி, உடை மாறியது. மார்புக்குக் கீழே பிடித்து, பாதம் வரை நேராக விழும் மெல்லிய கௌன் வந்தது. டாக்கா மஸ்லினும், அதைப் பார்த்து ஐரோப்பாவில் நெய்த மஸ்லினும் அதற்குத் துணி. அவ்வளவு மெல்லிய துணிக்கு அடியில் இடுப்பில் மூட்டை கட்டினால் மூட்டைதானே கண்ணில் படும்? ஆகவே பை வெளியே வந்து கையில் தொங்கிற்று. அதற்கு 'ரெடிக்யூல்' என்று பெயர். லத்தீனில் சிறு வலை என்று அர்த்தம் தரும் சொல்லிலிருந்து வந்தது. 'ரிடிக்யூல்' என்றும் சொல்வார்கள். பரிகாசத்துக்கும் அதே சொல்தான்.

வலை என்ற பெயரிலேயே அதன் குறையும் இருக்கிறது. நெய்த துணியில் ஊடும் பாவும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கும். பின்னல் அப்படியில்லை. கண்ணிக்குள் கண்ணி நுழைந்து நிற்பதால் இழுத்தால் நீளும், பாரம் ஏறினால் தொங்கும். நான்கு நாணயமும் ஒரு சாவியும் போட்டால் பையின் அடி இறங்கிவிடும். கண்ணிகள் வாய் திறக்கும். முதலில் சின்னக் காசு நழுவும்.

ஆண்களும் பெண்களும் வைத்திருந்த 'கஞ்சன் பை' இதற்கு ஒரு வழி கண்டது. நீண்ட குழாய் போன்ற பை. நடுவில் ஒரு பிளவு. பணத்தை இரு முனைகளிலும் தள்ளி, இரண்டு வளையங்களை நகர்த்தி இறுக்கிவிடுவார்கள். ஆனால் நாலு சாமான் வைக்கும் கைப்பைக்கு அது சரிப்படாது. அதற்கு உள்ளே லைனிங் தைப்பதுதான் வழி.

அதில் ஒரு சூட்சுமம் உண்டு. உள்துணி பையை விட ஒரு நூல் சிறியதாக இருக்க வேண்டும். அப்போதுதான் பாரம் துணியின் மேல் விழும். பின்னல் வெறுமே போர்வையாக நிற்கும். உள்துணி பெரிதாகிவிட்டால், அது சுருண்டு கிடக்க, பாரம் மறுபடியும் பின்னலுக்கே போய்ச் சேரும். துணியை முன்னதாகவே நனைத்து உலர்த்திவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் சுருங்கி, பையின் வாயைக் கோணலாக இழுக்கும்.

மணி கோத்துப் பின்னிய பைகளில் இந்த வேலை இன்னும் முக்கியம். ஆயிரக்கணக்கான சிறு கண்ணாடி மணிகளை, பூவும் கொடியும் வரும்படி கணக்குப் பார்த்து, முதலிலேயே பட்டு நூலில் தலைகீழ் வரிசையில் கோத்துக்கொள்வார்கள். ஒரு மணி தவறினால் ரோஜாவின் இதழ் இலைக்குள் போய்விடும். பிறகு கம்பி போன்ற மெல்லிய ஊசிகளில் பின்ன வேண்டும். மணிகளின் கனமே பையை இழுக்கும். பழைய பைகள் பலவற்றில் பூக்கள் அப்படியே பளபளக்க, உள்ளே இருக்கும் பட்டு மட்டும் கிழிந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சாவியின் முனையையும் காசின் விளிம்பையும் அதுதானே வாங்கிக்கொண்டது!

பையைப் பத்திரப்படுத்தியாயிற்று. உள்ளே இருக்கும் பணம் யாருடையது? மில்லிசென்ட் ஃபாஸெட் என்ற அம்மையாருக்கு இந்தக் கேள்வி லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையத்தில் எழுந்தது. பின்னாளில் பெண்களின் வாக்குரிமைக்காகப் பாடுபட்டுப் பெயர் பெற்றவர் இவர். இவருடைய கணவர் ஹென்றி ஃபாஸெட், கண்பார்வை இழந்தவர்; இந்திய விஷயங்களை விடாமல் எழுப்பியதால் 'இந்தியாவின் மெம்பர்' என்று பார்லிமெண்டில் பெயர் வாங்கியவர். அம்மையாரின் பணப்பையை ஒரு பையன் திருடிப் பிடிபட்டான். வழக்கு விசாரணையில் குற்றச்சாட்டைப் படித்தபோது, அந்தப் பையும் அதிலிருந்த 1 பவுன் 18 ஷில்லிங் 6 பென்ஸும் ஹென்றி ஃபாஸெட்டின் சொத்து என்று இருந்தது. திருட்டுக் குற்றம் தம்மேலேயே சுமத்தப்பட்டது போல் இருந்ததாக அம்மையார் பிற்காலத்தில் எழுதினார்.

குமாஸ்தாவின் கைத்தவறல் அல்ல அது. மணமான பெண்ணின் கைப்பணம் கணவனுடையது என்பதே இங்கிலாந்தின் சட்டம். 1870-ல் வந்த சட்டம் அவள் உழைத்துச் சம்பாதித்ததை அவளுக்கு விட்டது. மற்றச் சொத்துக்களையும் அவள் பேரிலேயே வைத்துக்கொள்ளும் உரிமை 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் கிடைத்தது.

பைக்குள் ஒரு துணியைத் தைக்க அந்தப் பெண்களுக்கு ஒரு மாலைப் பொழுது போதுமானதாக இருந்தது. பைக்குள் கிடக்கும் காசு அவர்களுடையது என்று எழுதத்தான் பார்லிமெண்டுக்கு அத்தனை காலம் பிடித்தது.