பெயரிழந்த முகங்கள்: வண்ணந்தீட்டிய பழைய நிழற்படங்கள் கூறும் சான்று

மாண்டாரை நினைவிற் கொள்வதற்கு மனிதன் கண்ட வழிகள் பல. எழுத்துடைய நடுகற்களில் வீரனின் உருவமும் இருக்கும். அவன் பெயரும் அவன் பட்ட பூசலும் உடன் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வுருவம் அவனுடைய முகச்சாயலை உள்ளவாறே காட்டுவதென்று கூற இயலாது. ஆயினும் எழுத்து இருப்பதனால் அவன் இன்னான் என்பதை நாம் அறிகிறோம். நிழற்படக்கலை 1839ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்ட பின்னர் இந்நிலை தலைகீழாயிற்று. முகம் அப்படியே நின்றது, பெயர் உதிர்ந்தது. இன்று உலகின் காப்பகங்களிலும் பழம்பொருட் கடைகளிலும் இல்லத்துப் பெட்டிகளிலும் கிடக்கும் பழம்படங்களில் மிகப் பல, 'யாரோ ஒருவர்' என்னும் குறிப்போடு நிற்பவையே.

அத்தகைய முகங்களுக்குப் பெயர் தேடும் முயற்சி எவ்வாறு நடைபெறுகிறது, அதில் படத்தின்மேல் தீட்டப்பட்ட வண்ணம் எவ்வளவு துணை செய்யும், எவ்வளவு திசைதிருப்பும் என்பதே இக்கட்டுரையின் பொருள். இதற்கு அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலப் (1861-1865) படங்களைச் சிறப்பாக எடுத்துக்கொள்வோம். 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட போர்வீரர் மாண்ட அப்போரில், படைவீரனின் பெயரைக் காட்டும் அடையாள வில்லையை அரசு வழங்கவில்லை. பலருடைய சட்டைப்பையில் இருந்தது ஒரு சிறு படம் மட்டுமே.

வண்ணம் வந்த வழி

நிழற்படம் பிறந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே அதன்மேல் வண்ணம் ஏறிவிட்டது. சுவிட்சர்லாந்தில் ஐசன்ரிங் என்பவர் 1840ஆம் ஆண்டையொட்டி டாகுரோடைப் தகடுகளின்மேல் பிசினும் வண்ணப்பொடியும் கொண்டு நிறமேற்றினார். இங்கிலாந்தில் ரிச்சர்டு பியர்டு 1842இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வெள்ளித் தகட்டில் உயிரற்றதுபோல் தோன்றிய முகத்துக்குக் கன்னச்சிவப்பு தேவைப்பட்டது. வாடிக்கையாளரும் அதை விரும்பினர்.

உள்நாட்டுப் போர்க் காலத்தில் கண்ணாடியில் எடுக்கும் 'அம்ப்ரோடைப்', மெல்லிய இரும்புத் தகட்டில் எடுக்கும் 'டின்டைப்' ஆகிய இரண்டும் மலிவாகக் கிடைத்தன. போருக்குப் புறப்படுமுன் படமெடுத்துக்கொள்வது வீரரிடையே பெருவழக்காயிற்று. படமெடுப்பவரோ அவருடைய உதவியாளரோ கன்னத்தில் இளஞ்சிவப்பும், பொத்தான்களிலும் இடைவார் வில்லையிலும் பொன்னிறமும் இட்டு, வெல்வெட்டு உள்ளுறை கொண்ட சிறு பெட்டியில் வைத்துக் கொடுத்தனர்.

இவ்வண்ணத்தைச் சான்றாகக் கொள்ளலாமா? இங்கே மூவகை வண்ணங்களைப் பிரித்தறிதல் வேண்டும். முதலாவது, படமெடுத்த இடத்திலேயே, படத்துக்குரியவரைக் கண்ணாற் கண்டவர் தீட்டியது. இரண்டாவது, பல ஆண்டுகள் கழித்துப் பெரிதாக்கிய படியின்மேல், அவரைக் காணாதவர் தீட்டியது. ஊர் ஊராகச் சென்ற முகவர்கள் இல்லங்களிலிருந்து சிறு படங்களைப் பெற்றுச் சென்று, பெரிதாக்கிக் கரியும் வண்ணக்கோலும் கொண்டு நிரப்பிக் கொடுத்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருந்தொழிலாக இருந்தது. மூன்றாவது, நம் காலத்தில் கணிப்பொறி ஏற்றும் வண்ணம். முதல் வகை ஒரு சாட்சியின் வாக்குமூலம். அதிலும் வழக்கம்பற்றி இட்ட நிறம் கலந்திருக்கும். இரண்டாவது கேள்விச் செய்தி. மூன்றாவது ஊகம். ஆய்வாளர் முதலில் காணவேண்டுவது வண்ணம் எது என்பதன்று. அதை இட்ட கை எது என்பதே.

வண்ணத்துக்கு அடியில் இருக்கும் கறுப்பு வெள்ளையும் எளிதில் நம்பத்தக்கதன்று. அக்காலத்துக் கொலோடியன் பூச்சு நீல ஒளியை மட்டுமே நன்கு உணரும். சிவப்பையும் மஞ்சளையும் அது பெரும்பாலும் உணராது. ஆகவே நீலத்துணி வெளுத்தும், செந்துணியும் மஞ்சள் துணியும் கறுத்தும் விழும். அமெரிக்க ஒன்றியப் படையில் காலாட்படைக்கு வெளிர்நீலமும், குதிரைப்படைக்கு மஞ்சளும், பீரங்கிப்படைக்குச் சிவப்பும் சீருடைப் பட்டைகளின் நிறங்கள். படத்தில் கைப்பட்டை வெளுத்திருந்தால் காலாட்படை என்று கருத இடமுண்டு. கறுத்திருந்தால் அது மஞ்சளா சிவப்பா என்பதைப் படம் சொல்லாது. அவ்விடத்தில், அன்றே அங்கேயே தீட்டிய மஞ்சட்கோடு ஒன்று இருக்குமானால் அது பெருஞ்சான்று. பின்னாளில் யாரோ தீட்டியதாயின், அதே கோடு ஒரு குடும்பத்தையே தவறான படைப்பிரிவின் ஏடுகளில் தேடவைக்கும்.

இடம் வலமான படம்

இன்னொரு மயக்கமும் உண்டு. டின்டைப் தகட்டில் உருவம் கண்ணாடியிற் காண்பதுபோல் இடம் வலம் மாறி விழும். 'பில்லி தி கிட்' என்னும் புகழ்பெற்ற கொள்ளையனின் டின்டைப் படத்தைக் கண்டு அவனை இடக்கையன் என்றே உலகம் நம்பிற்று. 1958இல் வந்த திரைப்படம் ஒன்றும் அவனை 'இடக்கைத் துப்பாக்கியன்' என்றே பெயரிட்டழைத்தது. அவன் கையிலுள்ள வின்செஸ்டர் துப்பாக்கியில் குண்டு நிரப்பும் வாய், இருக்கவேண்டிய வலப்புறத்தில் இன்றி இடப்புறத்தில் தோன்றுவதைக் கண்டவர்களே உண்மையை உணர்ந்தனர். முகம் சொல்லாததைக் கருவி சொல்லிற்று.

அப்படம் 2011இல் 23 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அதன்பின், வேறு சில பழம்படங்களிலும் அவனே இருக்கிறான் என்னும் உரிமைக் குரல்கள் எழுந்தன. அறிஞர் பலர் அவற்றை ஏற்கவில்லை. பெயரற்ற படத்துக்குச் சில டாலர். பெயர் பெற்றால் இலட்சங்கள். இந்த வேறுபாடு இருக்கும்வரை, ஒரு படத்துக்குப் பெயர் சூட்டுபவருக்கு அதனால் வரும் ஆதாயம் என்ன என்று கேட்பதும் ஆய்வின் ஒரு பகுதியே ஆகும்.

சொல்லால் அறியப்பட்ட படம்

1863 சூலைத் திங்கள் 1 முதல் 3 வரை கெட்டிஸ்பர்க்கில் நடந்த பெரும்போருக்குப் பின்னர், அவ்வூரில் ஒன்றியப் படைவீரன் ஒருவனின் உடல் கண்டெடுக்கப்பட்டது. அவனை இன்னான் என்று காட்டும் கடிதமோ குறிப்போ இல்லை. அவன் கையில் ஓர் அம்ப்ரோடைப் மட்டும் இருந்தது. அதில் மூன்று குழந்தைகள். இறக்கும் தறுவாயில் அவன் அதையே நோக்கிக்கொண்டிருந்தான் எனக் கருதினர்.

அப்படம் பிலடெல்பியா நகர மருத்துவர் ஜான் பிரான்சிசு போர்ன்சு என்பவரிடம் சேர்ந்தது. அக்காலச் செய்தித்தாள்கள் நிழற்படத்தை அச்சிடும் வசதி பெற்றவை அல்ல. எனவே அவர் படத்தைச் சொற்களாக்கினார். மூத்தவன் ஆண், நடுவிலவள் பெண், இளையவன் ஆண். ஏறத்தாழ ஒன்பது, ஏழு, ஐந்து வயது. கடைக்குட்டி மற்ற இருவருக்கும் நடுவே உயர்ந்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறான். மூத்தவனின் சட்டைத்துணியும் பெண்ணின் உடைத்துணியும் ஒன்றே. 'இவர்களின் தந்தை யார்?' என்னும் வினாவோடு பிலடெல்பியா இன்குவயரர் இதழ் 1863 அக்டோபர் 19 அன்று இதை வெளியிட்டது. பிற இதழ்கள் எடுத்து வெளியிட்டன.

நியூயார்க் மாநிலத்துப் போர்ட்வில் என்னும் சிற்றூரில் பிலிண்டா ஹியூமிஸ்டன் என்ற பெண்மணிக்கு ஒரு சமயவார இதழின் வாயிலாக இச்செய்தி எட்டிற்று. கணவருக்குப் படம் அனுப்பியவர் அவர். அது கிடைத்தது என அவர் கணவர் மே மாதம் எழுதிய மடலும் வந்திருந்தது. கெட்டிஸ்பர்க் போருக்குப்பின் மடல் இல்லை. படத்தின் படி ஒன்று அவருக்கு அனுப்பப்பட்டது. படத்திலிருந்தவர் அவருடைய மக்களே: பிராங்க், ஆலிஸ், பிரெட். மாண்டவர் 154ஆம் நியூயார்க் படைப்பிரிவைச் சேர்ந்த ஏமஸ் ஹியூமிஸ்டன். படத்தை அறிந்த அந்நொடியிலேயே தாம் கைம்பெண் என்பதையும் அவர் அறிந்தார்.

கெட்டிஸ்பர்க் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் 979 பேர் பெயரறியப்படாதவராகவே துயில்கின்றனர். ஹியூமிஸ்டன் அவர்களோடு சேராமல் தம் பெயரோடு கிடப்பது அந்தச் சிறு கண்ணாடிப் படத்தால் என்பர். உண்மையில் அப்படத்தை விளக்கிய சில வரி உரைநடையால் என்பதே பொருந்தும். அம்மருத்துவர் அழகையோ சோகத்தையோ வருணிக்காமல், வரிசையையும் வயதையும் நாற்காலியையும் துணியையும் எழுதினார். ஒரு தாய் மட்டுமே உறுதிசெய்யக்கூடிய செய்திகள் அவை.

கிடைத்த இடமும் பிறந்த இடமும்

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு 2010இல் லில்யன்குவிஸ்ட் குடும்பத்தார் உள்நாட்டுப் போர்க்கால அம்ப்ரோடைப், டின்டைப் படங்களை நூற்றுக்கணக்கில் வழங்கினர். அவற்றுள் பெரும்பாலானவை பெயரற்றவை. ஒன்றில், சீருடையணிந்த கறுப்பின வீரர் ஒருவர் மனைவியோடும் இரு பெண்மக்களோடும் காணப்படுகிறார். அப்படம் மேரிலாந்து மாநிலத்தில் கிடைத்தமையால், அங்கே திரட்டிய ஏழு கறுப்பினப் படைப்பிரிவுகளுள் ஒன்றைச் சேர்ந்தவராகலாம் என்று முதலில் கருதினர். பின்னர் அவர் சார்ஜன்ட் சாமுவேல் ஸ்மித் என்றும், கென்டக்கியில் திரட்டப்பட்ட 119ஆம் படைப்பிரிவினர் என்றும் அறியப்பட்டது. மனைவி மாலி, மக்கள் மேரி, மேகி. படம் பயணம் செய்யும். கிடைத்த இடம் பிறந்த இடமாகாது.

இத்தகைய குடும்பங்களுக்குப் பெயர் தேடுவது ஏன் கடினம் என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1850, 1860ஆம் ஆண்டுகளின் மக்கட்தொகைக் கணக்கில் அடிமைகளுக்கெனத் தனி ஏடு இருந்தது. அதில் உரிமையாளரின் பெயர் இருக்கும்; அடிமையின் வயது, பால், நிறம் இருக்கும்; பெயர் பொதுவாக இராது. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் அனைவரும் பெயரோடு கணக்கில் ஏறத் தொடங்கியது 1870இல்தான். அவர்கள் வேண்டுமென்றே பெயர் நீக்கப்பட்டவர்கள். ஆதலின் அவர்களுள் ஒருவருக்குப் பெயர் மீளும்போது, அது பறிக்கப்பட்ட உடைமை ஒன்றைத் திருப்பிக் கொடுப்பதாகும்.

2018இல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தார், உள்நாட்டுப் போர் முகங்களைக் கணிப்பொறியால் ஒப்பிட்டு நோக்கும் தளம் ஒன்றைத் தொடங்கினர். பெயரறிந்த படங்களோடு அறியாப் படத்தை ஒப்பிட்டு, ஒத்த முகங்களை அது முன்வைக்கும். ஆனால் தாடியும் சீருடையும் ஒன்றானால் அயலாரும் உடன்பிறந்தார்போல் தோன்றுவர். ஆகவே படைப்பதிவேடு, சீருடைச் சின்னம், படமெடுத்தவரின் முத்திரை முதலிய வேறு சான்றும் உடன்படவேண்டும். பொறி சுட்டலாம், தீர்ப்பு மனிதனுடையது.

தவறான பெயர்

பெயரின்மை ஓர் இழப்பு. தவறான பெயர் இரண்டாவது இழப்பு. கம்போடியாவின் துவோல் சிலெங் சிறையில் 1975 முதல் 1979 வரை பல்லாயிரவர் அடைக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். சிறைக்குள் வந்ததும் எடுக்கப்பட்ட அவர்களுடைய கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்று அருங்காட்சியகமாக உள்ள அவ்விடத்தில் இருக்கின்றன. 2021 ஏப்பிரலில் ஓர் இணைய இதழ், அவற்றுட் சிலவற்றை வண்ணமேற்றி வெளியிட்டது. வண்ணத்தோடு, சில முகங்களில் இல்லாத புன்னகையும் சேர்க்கப்பட்டிருந்தது கண்டறியப்பட்டது. அவர்களுள் ஒருவருக்குத் தரப்பட்ட பெயரும் வரலாறும் தவறானவை என்று அவர் குடும்பத்தார் மறுத்தனர். கம்போடிய அரசின் பண்பாட்டுத்துறை கண்டித்தது. இதழ் படங்களை நீக்கிற்று.

வண்ணம் நம்மைப் பழங்காலத்து மாந்தரோடு நெருங்கச் செய்கிறது என்பது உண்மையே. அந்நெருக்கமே அதன் இடரும் ஆகும். அயலாராகத் தோன்றும் முகத்தைப் பார்த்து, 'இவர் யார்?' என்று கேட்போம். நமக்குத் தெரிந்தவர்போல் ஆகிவிட்ட முகத்தைப் பார்த்து அவ்வினாவைக் கேட்க மறந்துபோவோம்.

நம் கடன்

வண்ணந்தீட்டிய முன்னோர் படங்கள் நம் இல்லத்துக் கூடங்களிலும் மாலையோடு தொங்குகின்றன. பாட்டனாரின் பெயரை வீட்டார் அறிவர். பாட்டியின் பெயரைக் கேட்டால் 'இன்னாருடைய மனைவி' என்பதோடு நின்றுவிடுவர். ஸ்டுடியோ ஓவியர் தீட்டிய சேலையின் நிறம் நிலைத்திருக்க, அச்சேலைக்குரியவர் பெயர் மங்கிவிடுகிறது. இன்னும் அறிந்தவர் உயிரோடிருக்கையில், படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயர், உறவு, ஊர், ஏறத்தாழ ஆண்டு, சொன்னவர் யார் என்னும் ஐந்தையும் எழுதிவைத்தல் எவரும் செய்யத்தக்க பணி. ஐயமிருப்பின் ஐயம் என்றே எழுதுதல் வேண்டும்.

இலக்கிய வட்டத்தின் ஆண்டு மலர்களில் குழுப்படங்களின் கீழே 'நிற்பவர்கள், இடமிருந்து வலம்' என்று தொடங்கும் சிறு எழுத்து வரிகளைப் பலரும் கடந்துபோவர். நூறாண்டு கழித்து அம்மலரைத் திறப்பவருக்கு, அதிலுள்ள கவிதையினும் கட்டுரையினும் மிகுதியாகப் பயன்படக்கூடியது அவ்வரியாகவே இருக்கலாம்.