கம்பெனியை மூட ஐகோர்ட்டு உத்தரவு: தடை வாங்கி தப்பியது எப்படி?

பாக்கியை கட்டாத கம்பெனியை இழுத்து மூடு, சொத்தை விற்று கடனை அடை என்று கோர்ட்டு சொல்லிவிட்டால் கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் பணம் புரட்ட அவகாசம் கேட்டு, அந்த உத்தரவை நிறுத்தி வைக்க வழி உண்டு. 'ஸ்பைஸ்ஜெட்' விமான நிறுவனம் அப்படித்தான் தப்பியது.

சுவிட்சர்லாந்தின் 'எஸ்.ஆர்.டெக்னிக்ஸ்' நிறுவனம் ஸ்பைஸ்ஜெட் விமான என்ஜின்களை பழுது பார்த்து வந்தது. அந்த வகையில் நின்ற பாக்கி சுமார் 2 கோடியே 40 லட்சம் டாலர். அப்போதைய மதிப்பில் ரூ.180 கோடி. இதை வசூலிக்கும் உரிமையை பெற்ற 'கிரெடிட் சூயிஸ்' வங்கி, 2015-ல் சென்னை ஐகோர்ட்டில் வழக்கு போட்டது. குருகிராமில் இருந்து இயங்கும் கம்பெனிக்கு சென்னையில் என்ன வழக்கு? அதன் பதிவு அலுவலகம் அப்போது இங்கேதான் இருந்தது.

2021 டிசம்பர் 6-ந்தேதி கம்பெனியை மூட உத்தரவு வந்தது. சொத்துகளை எடுத்துக்கொள்ளும்படி கலைப்பு அதிகாரிக்கும் உத்தரவு.

ஊழியர்கள் கதி

இந்த வழக்குக்கு பொருந்தியது 1956-ம் ஆண்டு கம்பெனி சட்டம். அதன்படி மூடும் உத்தரவே ஊழியர்களுக்கு வேலைநீக்க நோட்டீசு. தனியாக கடிதம்கூட தேவையில்லை. தொழில் தொடர்ந்து நடந்தால் மட்டும் விதிவிலக்கு. சொத்தை விற்ற பணத்தில் தொழிலாளர் பாக்கிக்கும், அடமானம் பிடித்த வங்கிக்கும் ஒரே வரிசை. அதனால்தான் தடை கிடைக்குமா, கிடைக்காதா என்பது முதலாளியைவிட தொழிலாளிக்கு பெரிய விஷயம்.

தடை சும்மா கிடைக்கவில்லை. 50 லட்சம் டாலர் டெபாசிட் கட்டினால் 3 வாரம் தடை என்றார் நீதிபதி. 2022 ஜனவரி 11-ந்தேதி அப்பீல் தள்ளுபடியானது. சுப்ரீம் கோர்ட்டுக்கு போக மட்டும் அவகாசம். ஜனவரி 28-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு, பேசி தீர்த்துக்கொள்ள மேலும் 3 வாரம் தடை கொடுத்தது. அந்த ஆண்டே சமரசம் ஏற்பட்டது.

ஜெயில் எச்சரிக்கை

தவணை மீண்டும் தடுமாறியது. வங்கி விடவில்லை, கோர்ட்டு அவமதிப்பு வழக்கு போட்டது. 15 லட்சம் டாலரை கட்டாவிட்டால் திகார் ஜெயில்தான் என்று 2023 செப்டம்பரில் கம்பெனி தலைவர் அஜய் சிங்கை சுப்ரீம் கோர்ட்டு எச்சரித்தது. சில நாளிலேயே பணம் வந்துவிட்டது!

ஆனால் கம்பெனியை தூக்கி நிறுத்தும் பெரிய பணம் வந்தது 2024 செப்டம்பரில்தான். பெரிய முதலீட்டாளர்களுக்கு பங்குகளை விற்று ரூ.3 ஆயிரம் கோடி திரட்டியது ஸ்பைஸ்ஜெட். முதல் 3 வார தடை கிடைத்து அப்போது ஏறக்குறைய 3 வருடம் ஆகியிருந்தது.