சுந்தர் நர்சரி: எந்தக் காலத்துக்கு மீட்பது?

பழைய பூங்கா ஒன்றைச் சீரமைக்க இறங்குவோர் அதை எந்தக் காலத்துக்கு மீட்பது என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். தில்லியின் சுந்தர் நர்சரியில் இந்தக் கேள்விக்கு ஒற்றை விடை காணப்படவில்லை. அதன் சிறப்பே அதுதான் என்பது என் கருத்து.

ஹுமாயூன் கல்லறைக்கும் தில்லி விலங்குக் காட்சிசாலைக்கும் நடுவே உள்ள இந்த நிலம் முன்பு அஸீம் பாக் எனப்பட்டது. முகலாயர் காலக் கல்லறைகளும் தோட்ட மண்டபங்களும் இங்கே இருந்தன. 1911இல் தலைநகர் தில்லிக்கு மாறும் என்று அறிவிக்கப்பட்டது. புதிய நகரின் சாலையோரங்களில் எந்தெந்த மரம் பிழைக்கும் என்று வளர்த்துப் பார்க்க ஆங்கிலேய அரசு இங்கே நாற்றுப் பண்ணை அமைத்தது. சோதனைக்கென்று வெளியூர்களிலிருந்து வந்த மரங்கள் வேர்பிடித்து முதிர்ந்தன. அவற்றின் நிழலில் கல்லறைகள் கவனிப்பாரின்றிச் சிதைந்தன. இங்குள்ள சுந்தர்வாலா மகால் என்ற கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்தே விழுந்தது.

2007இல் ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை, மத்தியப் பொதுப்பணித் துறை, இந்தியத் தொல்லியல் துறை, தில்லி மாநகராட்சி ஆகியவற்றுக்கிடையே இந்த இடத்தைச் சீரமைக்க ஒப்பந்தம் கையெழுத்தானது. கெய்ரோவில் பல நூற்றாண்டுக் குப்பைமேட்டை அல்-அஸ்ஹர் பூங்காவாக மாற்றிய அனுபவம் அந்த அறக்கட்டளைக்கு ஏற்கெனவே இருந்தது.

கட்டடங்களை முகலாயர் காலத்துக்கே மீட்டார்கள். வேலை சுண்ணாம்புச் சாந்திலும் மரபுக் கொத்தர்களின் கையிலும் நடந்தது. அப்படி மீட்ட கட்டடங்களில் ஒன்றான சுந்தர்வாலா புர்ஜுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் விதானம் முழுக்கச் சுதையில் இழைத்த நட்சத்திரக் கோலம் தெரியும். பூங்காவில் நான் அதிக நேரம் நின்ற இடம் அதுதான். தோட்டத்தை மட்டும் பழையபடி மீட்பதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. நிலவடிவமைப்பாளர் முகம்மது ஷஹீர் பாரசீகக் கம்பளத்தின் கட்டங்களை மனத்தில் கொண்டு, நடுவே கல் வாய்க்காலில் நீர் ஓடும் புதிய நீள்தோட்டம் ஒன்றை வரைந்தார். பொய்யான பழமையைவிட இந்த நேர்மை மேல். பூங்கா திறக்கப்படுவதைக் காண அவர் இல்லை, 2015இல் காலமானார்.

உயிரினங்களுக்கான பகுதி இன்னும் பின்னோக்கிப் போகிறது. தில்லி வட்டாரத்தார் நிலத்தை நான்காகப் பிரித்து அழைப்பார்கள்: பாறைக்குன்றுப் பகுதி கோஹி, மேட்டுச் சமவெளி பாங்கர், யமுனைக் கரையின் புதுவண்டல் காதர், மழைநீர் தேங்கும் தாழ்நிலம் டாபர். திணை வகுத்துப் பழகிய நமக்கு இந்தப் பாகுபாடு அந்நியமாகத் தோன்றாது. இந்த நான்கையும் சிறு அளவில் இங்கே உருவாக்கி, அந்தந்த மண்ணுக்குரிய செடிகொடிகளை நட்டார்கள். தில்லியின் குன்றுத்தொடரில் உள்ளூர் மரங்களைச் சீமைக்கருவேலம் நெருக்கித் தள்ளிவிட்ட நிலையில், கோஹித் துண்டு ஒன்றைத் திரும்ப எழுப்பியது சிறிய வேலையன்று. பறவையை வரவழைக்க முதலில் மண்ணைச் சரிசெய்ய வேண்டும் என்ற தெளிவு இதில் இருக்கிறது. பூங்காவில் இப்போது சுமார் 300 வகை மரங்கள் உண்டு.

2016இல் இங்குள்ள சில நினைவுச்சின்னங்கள் ஹுமாயூன் கல்லறை உலகப் பாரம்பரியச் சின்னத்தின் எல்லைக்குள் சேர்க்கப்பட்டன. 2018 பிப்ரவரியில் சுமார் 90 ஏக்கர் பூங்கா பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2020இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதும் வந்தது. நுழைவுக் கட்டணம் பராமரிப்புக்கு உதவும் என்றாலும், ஏழைக் குடும்பங்களை வாசலில் தயங்க வைக்கும் என்ற கவலை எனக்கு உண்டு.

பெயருக்குக் காரணமான பண்ணையை அவர்கள் மூடவில்லை. நூறாண்டுக்கு முன்போலவே பூங்காவின் ஒரு பகுதியில் இன்றும் பாத்திகளில் நாற்றுகள் வளர்கின்றன.