பாட்டின் வயதும் தட்டின் வயதும்: இந்திய இசைத்தட்டுகளின் அச்சுப் பதிப்புகளை இனங்காணல்

ஓர் இசைத்தட்டைக் காட்டி இது எந்த ஆண்டு என்று கேட்டால் ஒரே விடை கிடைக்காது. பாடகர் பாடிப் பதிவான ஆண்டு ஒன்று. தட்டு முதன்முதலில் கடைக்கு வந்த ஆண்டு மற்றொன்று. நம் கையில் இருக்கும் இந்தப் பிரதி ஆலையில் அழுத்தப்பட்ட ஆண்டு பெரும்பாலும் வேறொன்று. தமிழ், மலையாள இசை வரலாற்றை எழுதுவோர் இம்மூன்றையும் அடிக்கடி ஒன்றாக்கிவிடுகிறார்கள். லேபிளில் உள்ள கம்பெனிப் பெயரைக் கொண்டு பாடலின் காலத்தைக் கணிக்கிறார்கள். பாடகரின் வாழ்க்கைக் குறிப்பைக் கொண்டு தட்டின் காலத்தைக் கணிக்கிறார்கள். இரண்டுமே தவறு. லேபிளைச் சுற்றி வரிகள் இல்லாமல் இருக்கும் வழவழப்பான வளையத்தில் பொறிக்கப்பட்ட எண் பாட்டின் காலத்தைச் சொல்லும். லேபிள் தாள் தட்டின் காலத்தைச் சொல்லும். இந்தியத் தட்டுகளைப் பொறுத்தவரை இந்த இரண்டு சாட்சிகளையும் சேர்த்துப் படித்தால்தான் பதிப்பு தெளிவாகும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஹானோவரிலிருந்து தம்தம் வரை

1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். பாடல் மெழுகுத் தட்டில் வெட்டப்பட்டது. அந்த மெழுகுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் நகரத்து ஆலைக்குப் போயின. அச்சான தட்டுகள் அடுத்த ஆண்டு திரும்பி வந்து இந்தியச் சந்தையில் விற்பனையாயின. தட்டுக்கு வேண்டிய அரக்கோ இந்தியக் காடுகளில் விளைந்தது. இங்கிருந்து போன அரக்குதான் கல்பொடியும் கரியும் கலந்து, பாட்டைச் சுமந்துகொண்டு இங்கேயே திரும்பியது. பாடி முடித்ததும் கலைஞர்கள் தங்கள் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லும் வழக்கம் இந்தத் தொலைவினால் வந்தது. ஹானோவரில் லேபிள் ஒட்டுபவர் எந்த மெழுகு யாருடையது என்று அறிய அது உதவியது. ஒலிக்குள்ளேயே வைக்கப்பட்ட அந்த அடையாளம் இன்றும் ஆய்வாளருக்கு உதவுகிறது.

இந்தக் காலத்துத் தட்டுகள் ஒரு பக்கம் மட்டுமே பாடும். மறுபக்கத்தில் இறகுப் பேனா பிடித்த தேவதையின் முத்திரையும் ஹானோவரில் அச்சிடப்பட்டது என்ற வாசகமும் அழுந்தியிருக்கும். லேபிளில் கம்பெனிப் பெயர் ‘கிராமபோன் அண்ட் டைப்ரைட்டர்’ என்றிருந்தால் அச்சு 1907க்குப் பிற்பட்டதாக இருக்க முடியாது. அந்த ஆண்டின் இறுதியில் டைப்ரைட்டர் என்ற சொல் பெயரிலிருந்து நீக்கப்பட்டது. 1908இல் கல்கத்தா சியால்தாவில் கிராமபோன் கம்பெனியின் ஆலை தொடங்கியது. ஏறத்தாழ அதே சமயம் இருபக்கத் தட்டுகளும் வந்தன. முன்பு தனித்தனியாக விற்ற இரண்டு ஒருபக்கப் பதிவுகளை முதுகோடு முதுகாகச் சேர்த்து, புதிய லேபிள் ஒட்டி, புதிய விற்பனை எண் கொடுத்து மறுபடி வெளியிட்டார்கள். பொறித்த எண் 1902ஐச் சொல்லும், லேபிள் 1908க்குப் பிந்திய காலத்தைச் சொல்லும். இந்தியத் தட்டுகளின் குழப்பம் இங்கிருந்தே தொடங்குகிறது.

இது எப்படி நேர்கிறது என்பதை விளங்கிக்கொள்ள ஆலையின் வேலையைப் பார்க்க வேண்டும். மெழுகின்மேல் உலோகம் பூசி உரித்தெடுத்தால் அதன் எதிர்ப்படிவம் கிடைக்கும். அதிலிருந்து ‘மதர்’ என்ற நேர்ப்படிவத்தையும், மதரிலிருந்து ‘ஸ்டாம்பர்’ என்ற அழுத்தும் தகட்டையும் எடுப்பார்கள். ஸ்டாம்பர் தேயும், தேய்ந்தால் மதரிலிருந்து இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். மெழுகில் பொறித்த மேட்ரிக்ஸ் எண் இந்த உலோகங்கள் வழியே ஒவ்வொரு பிரதிக்கும் தானாக வந்துவிடும். லேபிள் அப்படி இல்லை. அழுத்தும்போது அன்றைக்கு ஆலையில் இருந்த தாள்தான் வைக்கப்படும். உலோகம் பத்திரமாக இருக்கும்வரை முப்பது ஆண்டுகள் கழித்தும் அதே பாட்டை வேறு தாளோடு அழுத்தலாம். நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் மறைந்தார். அவருடைய தட்டுகளின் விற்பனை அத்தோடு நின்றுவிடவில்லை. பிந்திய லேபிளுடன் ஒரு கிட்டப்பா தட்டு கிடைத்தால், அந்த லேபிளிலிருந்து பதிவின் காலத்தைப் பற்றி எதையும் அறிய முடியாது. அந்தப் பாட்டுக்கு அத்தனை காலம் வாங்குவோர் இருந்தார்கள் என்பதை அறியலாம். என் பார்வையில் அது சிறிய செய்தியே அல்ல. ரசனையின் வரலாற்றை எழுத மறுஅச்சைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

பொறித்த எண்ணில் அடங்கியிருப்பவை பல. பழைய கிராமபோன் கம்பெனித் தட்டுகளில் எண்ணோடு வரும் எழுத்து, பதிவு செய்த பொறியாளரையும் தட்டின் அளவையும் குறிக்கும். 1925இல் மைக் வழியான மின்பதிவு வந்தபின் அக்கம்பெனியின் எச்.எம்.வி. தட்டுகளில் ஒரு சிறு முக்கோணம் சேர்ந்தது. அது வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் முறையின் குறி. 1931க்குப் பிறகு பொறியாளர் ஆலன் பிளம்லைன் உருவாக்கிய சொந்த முறைக்கு மாறியதும் முக்கோணம் சதுரமானது. தட்டைச் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டில் டார்ச் அடித்தால் இந்தக் குறிகள் நிழல் கட்டி எழும்பும். நேர் வெளிச்சத்தில் அவை கண்ணில் படுவதே இல்லை. இந்தியாவின் தொடக்க காலப் பதிவுகளை மைக்கேல் கின்னியர் இத்தகைய எண்களை அடிப்படையாகக் கொண்டே வரிசைப்படுத்தினார். 1899 முதல் 1908 வரையான பதிவுகளைப் பற்றிய அவருடைய பட்டியல் நூல் 1994இல் வெளியானது. 1990இல் மும்பையில் தொடங்கிய இந்திய இசைத்தட்டு சேகரிப்பாளர் சங்கமும் இந்தப் படிப்பைப் பரப்பியது.

லேபிள் விளிம்பின் வாசகம்

1928இல் ஆலை கல்கத்தாவை அடுத்த தம்தம்முக்கு மாறியது. 1931இல் லண்டனில் கிராமபோன் கம்பெனியும் கொலம்பியாவும் இணைந்து ஈ.எம்.ஐ. உருவானபோது, எச்.எம்.வி., கொலம்பியா, ஓடியன் என்று கடையில் போட்டியிட்ட பெயர்களெல்லாம் ஒரே குடையின்கீழ் வந்தன. ஏ.வி. மெய்யப்பன் சென்னையில் கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி ஓடியன் தட்டுகளை வெளியிட்டது இந்தக் காலத்தில்தான். லேபிளின் நிறமும் சின்னமும் வேறு வேறு. பாட்டைத் தேர்ந்தெடுத்தவர்களும் வேறு வேறு. ஆனாலும் காலம் போகப்போக அழுத்தும் வேலை பெரும்பாலும் தம்தம்மில் குவிந்தது.

ஆகவே காலத்தைக் கணிக்க விளிம்பில் பொடி எழுத்தில் அச்சான கம்பெனிப் பெயரே உறுதியான சான்று. இந்தியக் கிளை 1946இல் ‘கிராமபோன் கம்பெனி (இந்தியா) லிமிடெட்’ என்று தனி நிறுவனமாகப் பதிவானது. 1968இல் அதன் பெயர் ‘கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா லிமிடெட்’ என்று மாறியது. 1980களின் நடுவில் ஆர்.பி.ஜி. குழுமத்தின் கைக்குப் போனது. 2000இல் சரிகம ஆனது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் எல்.பி. 1963இல் வந்தது. தமிழ் வீடுகளில் அதற்கிருந்த இடத்தைச் சொல்ல வேண்டியதில்லை; அது எத்தனையோ முறை மறுபடி அழுத்தப்பட்டது. ‘ஆஃப் இந்தியா’ என்ற இரு சொற்கள் லேபிளிலோ அட்டையின் பின்பக்கத்திலோ இருந்தால் அந்தப் பிரதி 1968க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. விற்பவர் அதை முதல் பதிப்பு என்று எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் சரி.

அட்டையை மட்டும் நம்புவதும் ஆபத்து. மீந்துபோன பழைய அட்டையில் புதிய தட்டு நுழைந்திருக்கலாம். வீட்டில் யாரோ மாற்றிப் போட்டிருக்கலாம். தட்டையும் அட்டையையும் தனித்தனிப் பொருளாகக் கணித்து, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று கடைசியில் பார்ப்பதே முறை.

எல்.பி. காலத்துக்கு வியாபாரிகள் ஒரு சுருக்க வழி வைத்திருக்கிறார்கள். ஏஞ்சல், ஓடியன், கொலம்பியா லேபிள் என்றால் முதல் பதிப்பு. அதே திரைப்படத்தின் பாடல்கள் எச்.எம்.வி. லேபிளில் இருந்தால் மறுஅச்சு. எச்.எம்.வி.க்குள்ளும் ரெட் லேபிள், கலர் லேபிள், பிளாக் லேபிள் என்று பிரித்து விலை சொல்வார்கள். 1960களின் திரையிசைக்கு இது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் எச்.எம்.வி. லேபிளிலேயே முதலில் வெளியான தட்டுகளும் உண்டு. அவற்றை மறுஅச்சு என்று தள்ளிவிடுவது இந்த வழியின் குறை. விற்பனை எண்ணின் முன்னெழுத்தையும் சேர்த்துப் பார்த்தால் குறை ஓரளவு நீங்கும். ஈ.சி.எல்.பி. என்று தொடங்கும் வரிசை மோனோ; ஈ.சி.எஸ்.டி. வரிசை ஸ்டீரியோ. மோனோவாக வந்த இசைநிகழ்ச்சி ஸ்டீரியோ வரிசை எண்ணோடு கிடைத்தால், அது வேறு பதிப்பு என்று கேட்டுப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

பிரிட்டிஷ் தட்டும் இந்தியத் தட்டும்

வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இதே வேலையை வேறு கோணத்திலிருந்து செய்கிறார்கள். பங்க் அலைக்குப் பிறகு பிரிட்டனில் எழுந்த சிறு குழுக்களின் சிங்கிள்கள் இன்று பெரும் விலைக்குப் போகின்றன. ஜாய் டிவிஷனின் ‘ஆன் ஐடியல் ஃபார் லிவிங்’ 1978இல் எனிக்மா என்ற பெயரில் 7 அங்குலத் தட்டாக வந்தது. அதே ஆண்டில் அனானிமஸ் ரெக்கார்ட்ஸ் என்ற பெயரில் 12 அங்குலமாக மறுபடி வந்தது. பௌஹாஸ் குழுவின் ‘பெலா லுகோசிஸ் டெட்’ 1979இல் ஸ்மால் வொண்டர் நிறுவனத்துக்காக முதலில் 5000 பிரதிகள் வெள்ளை வினைலில் அழுத்தப்பட்டது. பிறகு வேறு நிறங்களிலும் வந்தது. இந்தச் சிறு நிறுவனங்களுக்குச் சொந்த ஆலை கிடையாது. கிடைத்த ஆலையில் கொடுத்து அழுத்தினார்கள்; லேபிள் வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஆகவே அங்கே பதிப்பைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் ரன்-அவுட் எனப்படும் அந்த வழவழப்பான வளையம்தான். ஜார்ஜ் பெக்கம் என்ற வெட்டுக் கலைஞர் தாம் வெட்டிய தட்டுகளில் கையால் கீறிய ‘போர்க்கி’ கையொப்பத்தைத் தேடுவோர் இன்றும் உண்டு. ஈ.எம்.ஐ.யின் ஹேஸ் ஆலையோ ஸ்டாம்பர் வரிசையைச் சங்கேதமாகவே பொறித்தது. கிராமபோன் லிமிடெட் என்பதிலிருந்து எடுத்த பத்து ஆங்கில எழுத்துகள் 1 முதல் 9 வரையும் 0க்கும் நின்றன. ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, ஏ என்றால் 3. ஆகவே ‘ஆர் ஏ’ என்றிருந்தால் 23ஆவது ஸ்டாம்பர்.

அங்கே ஆலைகள் பல, லேபிள் ஒன்று. இங்கே நெடுங்காலம் பெரிய ஆலை ஒன்று, லேபிள்கள் பல. அதனால்தான் பிரிட்டிஷ் கையேடுகளை வைத்துக்கொண்டு இந்தியத் தட்டைக் கணிக்க முயல்வோர் தடுமாறுகிறார்கள்.

இரண்டு உலகமும் சந்தித்த இடம் ஒன்று உண்டு. 1960களின் நடுவில் பீட்டில்ஸ் பாடல்கள் தம்தம்மில் 78 சுற்று அரக்குத் தட்டுகளாகப் பார்லோஃபோன் லேபிளில், டி.பி.இ. வரிசை எண்களோடு அழுத்தப்பட்டன. பிரிட்டனும் அமெரிக்காவும் அரக்கைக் கைவிட்டுவிட்ட காலம் அது. மின்சாரம் வராத ஊர்களில் சாவி கொடுத்துச் சுழற்றும் கிராமபோன்கள் இந்தியாவில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு 78 தேவைப்பட்டது. இன்று உலகெங்கும் பீட்டில்ஸ் சேகரிப்பாளர்கள் தேடும் தட்டுகள் இவை. தேடுவோர் மிகுந்ததால் போலிகளும் புழங்குகின்றன. அசலை அறிய லேபிள் எழுத்தை மட்டும் பார்த்தால் போதாது. எடையையும் விளிம்பையும் தொட்டுப் பார்க்க வேண்டும். அரக்குத் தட்டு கனமாக, குளிர்ந்து, வளையாமல் இருக்கும். வினைல் கையில் சற்று வளைந்து கொடுக்கும்.

ஈரமும் தாளும்

கேரளத்துக்கு வரும்போது இன்னொரு சிக்கல் சேர்கிறது. மலையாளத் திரைப்பாடல்கள் நெடுங்காலம் சென்னையில் பதிவாகித் தம்தம்மில் அச்சாயின. ஆகவே அவற்றின் லேபிள் வரலாறு தமிழ்த் தட்டுகளின் வரலாறுதான். 1980இல் கே.ஜே. யேசுதாஸ் திருவனந்தபுரத்தில் தரங்கிணி ஸ்டுடியோவைத் தொடங்கிய பிறகே மாநிலத்துக்குள் பதிவு வலுப்பெற்றது. அதற்குள் கேசட் வந்துவிட்டதால் தரங்கிணி எல்.பி.களின் காலம் குறுகியது. கோட்டயம் மாவட்டம் பிளாசனாலில் 2015இல் திறந்த கிராமபோன் அருங்காட்சியகம் போன்ற முயற்சிகளால்தான் இவை ஓரிடத்தில் சேர்கின்றன.

திருவனந்தபுரம் மாவட்டத்து மலைப்பக்கத்தில், பொன்முடிச் சாலையில் இருக்கும் கல்லாறு போன்ற ஊர்களில் தட்டுகளுக்கு எதிரி ஈரம்தான். ஆறும் காடும் மழையும் சூழ்ந்த வீட்டில் அட்டை பூசணம் பிடிக்கும். ராமபாணப் பூச்சி லேபிளின் பசையைத் தின்னும். விளிம்பு வாசகம் முதலில் போகும். பொறித்த எண்ணுக்கு ஈரத்தால் ஒன்றும் ஆகாது. அப்படிப்பட்ட இடத்தில் பாட்டின் வயதுக்குச் சாட்சி மிஞ்சும், தட்டின் வயதுக்கான சாட்சி அழிந்துவிடும். மறுஅச்சின் வரலாறு நமக்குக் கிடைக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

நம் நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் இசைத்தட்டுப் பட்டியல்கள் பாடகர், பாடல், விற்பனை எண் என்ற மூன்றோடு நின்றுவிடுகின்றன. அதில் இன்னும் நான்கு கட்டங்கள் வேண்டும்: இரு பக்கத்து மேட்ரிக்ஸ் எண்ணும் எத்தனையாவது முயற்சி என்று காட்டும் டேக் எண்ணும், வளையத்தில் உள்ள பிற குறிகள், லேபிள் விளிம்பின் வாசகம் எழுத்துக்கு எழுத்து, அட்டையின் பின்பக்கக் கம்பெனிப் பெயர். லேபிள் கிழிந்திருந்தால் எஞ்சிய எழுத்துகளை அப்படியே குறித்துக்கொள்ள வேண்டும், ஊகித்து நிரப்பக் கூடாது. படம் எடுப்பதானால் லேபிளுக்கு நேர் வெளிச்சத்தில் ஒன்று, வளையத்துக்குச் சாய்ந்த வெளிச்சத்தில் ஒன்று என்று பக்கத்துக்கு இரண்டு படம் எடுக்க வேண்டும். ஈரம் மிகுந்த ஊர்களில் கிடைக்கும் தட்டுகளுக்கு இதை மழைக்காலம் தொடங்கும் முன்பே செய்துவிடுவது நல்லது.