தாத்தா எகிறினதுக்கு போட்டோ இல்லை

போன மாதம் ஓ.பி.யில் ஒரு பெரியவர் வந்தார்.
உத்திரமேரூர் பக்கம் காவாந்தண்டலத்துக்காரர். வயது எழுபதைத் தாண்டியவர். இரண்டு முழங்காலிலும் தேய்மானம். கூடவே ப்ளஸ் டூ படிக்கும் பேத்தி.

"என்ன வேலை பார்த்தீங்க ஐயா?"

"பயிர் வேலைதான் சார். ஆனா முட்டி போனது வாலிபால்ல."

முட்டி தேய்வதற்கு வயது, உடல் எடை, பழைய காயம் என்று பல காரணங்கள் உண்டு. வாலிபால் மேல் மட்டும் பழியைப் போட முடியாது. ஆனால் அவருக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. நான் குறுக்கே போகவில்லை.

"நெட்டுக்கு மேல இவ்ளோ வருவேன் சார்" என்று நெஞ்சுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார்.

பேத்தி சிரித்துவிட்டாள். "போட்டோ காட்டு தாத்தானா காட்ட மாட்டார் சார். சும்மா சொல்றார்."

"அந்தக் காலத்துல எகிறும்போது எவன்மா போட்டோ எடுத்தான்?"

அவள் கையில் போன் இருந்தது. அவளும் ஆடுகிறாள். உள்ளரங்கத்தில் நடந்த ஒரு போட்டியில் தோழி எடுத்த படங்களைக் காட்டினாள். முப்பது நாற்பது படம் இருக்கும். எல்லாவற்றிலும் கை பேய் மாதிரி, பந்து வால் நட்சத்திரம் மாதிரி.

"வெளிய க்ரவுண்டுல எடுத்தா நல்லா வருது சார். உள்ள எடுத்தா மட்டும் ஏன் இப்படி?"

நல்ல கேள்வி. அன்றைக்கு க்யூ நீளம் என்பதால் ரெண்டு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். முழு பதில் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கொண்டு வாருங்கள்.

முதலில் ஒரு வருடத்தை மனதில் வையுங்கள். 1895.

அந்த வருடத் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் ஹோலியோக் என்ற ஊரில், ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சி ஆசிரியர் வில்லியம் மார்கன் ஒரு புது விளையாட்டை உருவாக்குகிறார். கூடைப்பந்து ஆடினால் மூச்சு வாங்கும் நடுத்தர வயதுக்காரர்களுக்காக, கட்டிடத்துக்குள்ளேயே ஆடும்படி. முதலில் வைத்த பெயர் மின்டோனெட். மறுவருடம் அது வாலிபால் ஆனது.

அதே 1895 நவம்பரில் ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ்ரேவைக் கண்டுபிடிக்கிறார்.

அதே 1895 டிசம்பர் 28-ல் பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு மக்களுக்கு சினிமா காட்டுகிறார்கள்.

வாலிபால், எக்ஸ்ரே, சினிமா. மூன்றும் ஒரே வயசு. மூன்றும் இந்தக் கதைக்கு வேண்டும்.

ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் பின்னே போக வேண்டும்.

1850-களில் மெட்ராஸில் புகைப்படம் வந்துவிட்டது. எங்கள் ஆள் ஒருவருக்கும் அதில் பங்கு உண்டு. அலெக்சாண்டர் ஹண்டர். அறுவை மருத்துவர். 1850-ல் மெட்ராஸில் ஓவியப் பள்ளியைத் தொடங்கியவர். இன்றைய எழும்பூர் கவின்கலைக் கல்லூரியின் ஆதி அதுதான். அங்கே புகைப்படமும் சொல்லிக் கொடுத்தார்கள்.

அந்தச் சமயத்தில் மெட்ராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் ட்ரைப். மதுரை, தஞ்சாவூர் கோயில்களை 1858-ல் எடுத்தார். இணையத்தில் கிடைக்கும், பாருங்கள். கோபுரத்தில் ஒவ்வொரு சிலையும் துல்லியம். ஆனால் மனித நடமாட்டம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். காரணம், அந்தக் காலத்துப் படத்துக்கு வெளிச்சம் விழ நீண்ட நேரம் பிடிக்கும். கல் நின்றது, அதனால் விழுந்தது. குறுக்கே நடந்து போனவர்கள் கரைந்து போனார்கள்.

எக்ஸ்ரே எடுக்கப் போனால் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்வார்கள் இல்லையா? அதே கணக்குதான். ஆடினால் கலங்கும். ராண்ட்ஜன் தன் மனைவியின் கையை எடுத்தபோது அந்த அம்மா சுமார் 15 நிமிடம் கையை அசைக்காமல் வைத்திருந்தார்.

ஓடுவதை நிறுத்திப் பிடிக்க என்ன செய்யலாம்? இரண்டு வழிதான். ஒன்று, கேமராவின் கண்ணைச் சட்டென்று மூட வேண்டும். இல்லையா, வெளிச்சத்தையே சட்டென்று அணைக்க வேண்டும்.

இரண்டாவது வழிதான் முதலில் வந்தது. 1851-ல் இங்கிலாந்தில் டால்பட், சுழலும் வட்டில் செய்தித்தாள் பக்கத்தை ஒட்டி, இருட்டில் ஒரே ஒரு மின்பொறி வெளிச்சத்தில் படம் பிடித்தார்.

முதல் வழியில் ஜெயித்தவர் மைபிரிட்ஜ். 1878-ல் கலிபோர்னியாவில் ஓடும் குதிரையை வரிசையாக 12 கேமரா வைத்து எடுத்தார். நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புகிறது என்று நிரூபித்தார்.

அவரை எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தவர் இன்னொருவர். எத்தியென் ஜூல் மரே. பிரெஞ்சுக்காரர். டாக்டர்.

நாடித்துடிப்பைக் காகிதத்தில் கோடாக வரையும் கருவியை 1860 வாக்கில் உருவாக்கியவர். நாம் விரல் வைத்துப் பார்க்கும் நாடியைக் கண்ணால் பார்க்க வைத்தவர். அந்த ஆசை அவரை விடவில்லை. பறவையின் சிறகடிப்பு, மனிதனின் நடை, பூனை விழும் விதம், எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று 1882-ல் துப்பாக்கி வடிவில் ஒரு கேமரா செய்தார். விசையை அழுத்தினால் நொடிக்கு 12 படம். ஆட்களுக்குக் கறுப்பு உடை போட்டு, கை கால் நெடுக வெள்ளைக் கோடு இழுத்து, ஓடவிட்டு, குதிக்கவிட்டு எடுத்தார். இன்றைக்கு விளையாட்டு மருத்துவத்தில் நடையையும் குதிப்பையும் அலசும் ஆய்வகங்கள் அவர் போட்ட பாதைதான். லூமியேர் சினிமாவும் இவர் தோளில் ஏறி நின்றதுதான்.

(மரே, மைபிரிட்ஜ் இருவரும் 1830-ல் பிறந்து 1904-ல் இறந்தவர்கள். மாதம்கூடக் கிட்டத்தட்ட ஒன்று. சும்மா சொல்கிறேன்.)

இவர்கள் எல்லோருக்கும் ஒரு பெரிய உதவி இருந்தது. சூரியன்.

இப்போது வாலிபாலுக்கு வருவோம்.

உள்ளே ஆடவென்று பிறந்த விளையாட்டு, ஒய்.எம்.சி.ஏ. வழியாக நம் ஊருக்கு வந்ததும் வெளியே வந்துவிட்டது. 1920-ல் ஹாரி க்ரோ பக் மெட்ராஸில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு தலைமுறை தலைமுறையாக பி.டி. வாத்தியார்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. கூரை போட்ட அரங்கம் எந்த ஊரில் இருந்தது? இரண்டு கம்பம், ஒரு நெட், சுண்ணாம்புக் கோடு. கிராமத்தில் வாலிபால் வேர் பிடித்ததே அந்த எளிமையால்தான்.

மண் தரை, மாலை வெயில். படம் எடுக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் கேமராவும் ஃபிலிமும் இல்லை.

1961-ல் வாலிபாலுக்கு முதல் அர்ஜுனா விருது ஏ. பழனிசாமிக்குக் கிடைத்தது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் நம் ஆண்கள் அணி வெள்ளி வாங்கியது. ஆசிய வெள்ளி! இன்று வரை அதைத் தாண்டவில்லை. 1986 சியோலில் வெண்கலம். அதன் பிறகு ஆண்கள் வாலிபாலில் ஆசியப் பதக்கமே இல்லை.

ஆனால் நம் பள்ளிக்கூடச் சுவர்களில் தொங்கும் வாலிபால் படங்களைப் பாருங்கள். எல்லாமே ஒரே படம். நடுவில் தலைமையாசிரியர், பக்கத்தில் பி.டி. சார், பின்னால் கை கட்டி நிற்கும் பையன்கள், முன்னால் தரையில் ஒரு கோப்பை, பந்து மேல் சாக்பீஸில் வருடம். ஊர் ஸ்டூடியோக்காரர் வந்து "அசையாதீங்க" என்று சொல்லி எடுத்தது. ஆடினவர்கள் இருக்கிறார்கள், ஆட்டம் இல்லை.

எனக்கு இது உறுத்துகிறது. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில் குடவோலைத் தேர்தலுக்கு யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். 1100 வருடம் கழித்தும் படிக்கிறோம். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஐம்பது வருடத்துக்கு முன் ஒரு ஆள் எவ்வளவு உயரம் எகிறினார் என்பதற்கு அவர் வாய் வார்த்தைதான் சாட்சி. பேத்தியே நம்பவில்லை.

சரி. உள்ளே போவோம்.

1982 ஆசிய விளையாட்டுக்காக டெல்லியில் இந்திரபிரஸ்தா உள்ளரங்கம் வந்தது. சென்னையில் நேரு உள்ளரங்கம் வந்தது. திருவனந்தபுரத்தில் ஜிம்மி ஜார்ஜ் பெயரிலேயே உள்ளரங்கம் இருக்கிறது. 1987-ல் இத்தாலியில் கார் விபத்தில் 32 வயதில் போய்விட்ட மேதை அவர். பெரிய ஆட்டங்கள் கூரைக்குள் போனதும் மழை பிரச்சினை தீர்ந்தது. போட்டோக்காரருக்குப் பிரச்சினை ஆரம்பித்தது.

நல்ல வெயிலில் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் அளவில் இருக்கும். சாதாரண உள்ளரங்கத்தில் சில நூறு. நூறு மடங்குக்கு மேல் குறைவு. ஆனால் உங்களுக்கு அப்படித் தோன்றாது. ஏனென்றால் கண் பாவை விரிந்து, விழித்திரை தன்னைத் திருத்திக்கொண்டு, மூளை "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று உங்களைச் சமாதானப்படுத்திவிடும். கேமராவுக்கு அந்தச் சமாதானம் கிடையாது.

இப்போது பந்தின் கணக்கு. நன்றாக அடிக்கப்பட்ட ஸ்மாஷ் மணிக்கு 100 கிலோமீட்டர் என்று வையுங்கள். சர்வதேச ஆண்கள் ஆட்டத்தில் இதைவிட வேகமாகவே போகும். அதாவது நொடிக்கு 28 மீட்டர்.

தொல்காப்பியர் மாத்திரைக்கு அளவு சொல்லும்போது கண் இமைப்பதையும் விரல் நொடிப்பதையும் சொல்கிறார். அவருக்குத் தெரிந்த மிகச் சிறிய நேரம் அதுதான். ஒரு இமைப்பு சுமார் 0.2 நொடி. அதற்குள் இந்தப் பந்து ஐந்தரை மீட்டர் போய்விடும். வாலிபால் களத்தில் ஒரு பக்கமே 9 மீட்டர்தான்.

கேமரா 1/125 நொடி திறந்தால் பந்து 22 செ.மீ. நகரும். பந்தின் குறுக்களவு சுமார் 21 செ.மீ. ஆக, படத்தில் இரண்டு பந்து நீளத்துக்கு ஒரு இழுவை. 1/1000 நொடி என்றால் நகர்வு 3 செ.மீ.க்குள். பந்து பந்தாகத் தெரியும்.

அரங்கத்துக்குள் 1/1000 வைத்தால் படம் கறுப்பாகிவிடும். 1/125 வைத்தால் கலங்கிவிடும். பேத்தியின் போன் இருட்டைப் பார்த்துத் தானாகவே மெதுவாகத் திறந்துகொண்டது. அவ்வளவுதான் நடந்தது.

அமெரிக்காவில் டால்பட்டின் பழைய வழியையே பிடித்தார்கள். எட்ஜர்டன் என்ற பொறியாளர் 1930-களில் மின்னல் மாதிரி வெட்டும் ஸ்ட்ரோப் விளக்கை உருவாக்கினார். பிறகு அரங்கக் கூரையிலேயே அத்தகைய விளக்குகளைக் கட்டி எடுத்தார்கள். நம் ஊரில் அதற்கு யார் காசு கொடுப்பது? கேமராவிலேயே ஃபிளாஷ் போடலாம் என்றால், எகிறி நிற்கும் ஆட்டக்காரன் கண்ணில் அடித்தால் அடுத்த சில நொடிக்கு அவனுக்கு ஒரு வெள்ளைப் பொட்டுதான் தெரியும். அதற்குள் பந்து மூக்கில். தயவுசெய்து ஃபிளாஷ் போடாதீர்கள்.

மிஞ்சியது ஃபிலிம். 1954-ல் கோடாக்கின் ட்ரை-எக்ஸ் 35 மி.மீ. சுருளாக வந்தது. அதை டார்க்ரூமில் அதிக நேரம் கழுவி வேகத்தைக் கூட்டுவார்கள். படம் வரும், ஆனால் ரவை தூவினாற்போல் பொரிப்பொரியாக.

நம்மிடமும் ஒரு ஃபிலிம் ஆலை இருந்தது. ஊட்டியில். 1960-ல் நிறுவி 1967-ல் உற்பத்தி தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். தூசு இல்லாத குளிர்ந்த காற்றுக்காக அந்த இடம். கறுப்பு வெள்ளை ஃபிலிம், சினிமா ஃபிலிம், கூடவே ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே ஃபிலிம். இன்று மூடிவிட்டார்கள்.

வெளிச்சமும் இல்லை, வேகமான ஃபிலிமும் இல்லை. அப்போதும் சில பத்திரிகைப் போட்டோக்காரர்கள் அருமையாக எடுத்தார்கள். எப்படி?

ஜிம்மி ஜார்ஜ் காற்றில் நிற்பார் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். அது முழுக்கக் கற்பனை இல்லை. மேலே போகப் போக வேகம் குறைந்து, உச்சியில் ஒரு கணம் பூஜ்ஜியம். ஒரு மீட்டர் எகிறும் ஆள் காற்றில் இருப்பது 0.9 நொடி. அதில் சரிபாதி, 0.45 நொடி, மேலே உள்ள கடைசி 25 செ.மீ.க்குள்ளேயே கழிகிறது. அதனால்தான் நிற்பது போலத் தெரிகிறது. போட்டோக்காரர் அந்த உச்சிக்காகக் காத்திருப்பார். நெட்டின் மேல் விளிம்புக்கு முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துவிட்டு, தரையோடு உட்கார்ந்து, யார் எகிறப்போகிறான் என்று செட்டரின் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பார். 1/250 போதும். முகம் தெளிவு, பந்து மட்டும் கோழிமுட்டை. கருவியை நம்பாமல் ஆட்டத்தைப் படித்து எடுத்த படங்கள் அவை.

2007-ல் நிக்கான் டி3 வந்தது. ஐ.எஸ்.ஓ. 6400-ல் சுத்தமான படம். கூரைக்குள் 1/1000 சாதாரணமாகிவிட்டது. இன்றைய போன்களில்கூட ப்ரோ மோடு உண்டு. அதில் வேகத்தை 1/500-க்கு மேல் வைத்து, ஐ.எஸ்.ஓ.வை 1600, 3200 என்று ஏற்றிப் பாருங்கள். பழைய சோக் போட்ட டியூப்லைட்டாக இருந்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும். பயப்பட வேண்டாம். நம் கரண்டில் அந்த விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. கேமரா இறக்கத்தில் மாட்டிக்கொண்டது. தொடர்ந்து பத்து எடுத்தால் இரண்டு தேறும்.

இதைத்தான் பேத்திக்கு வாய்ஸ் நோட்டாக அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து மாத்திரை வாங்க வந்தார்கள். பெரியவர் கையில் ஒரு பழுப்புக் கவர். "இது ஆடும்போது ஆனது சார். பாத்து சொல்லுங்க."

எக்ஸ்ரே. வலது கை. ஓரத்தில் 1978 என்று கீறியிருந்தது. சுண்டுவிரல் எலும்பில் சாய்ந்த ஒரு முறிவு. பிளாக் எடுக்கும்போது பந்து விரல் நுனியில் பட்டால் வருவது. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் ஃபிலிம் மங்கவில்லை. ஊட்டி ஃபிலிமாகவும் இருக்கலாம்.

பேத்தியைக் கூப்பிட்டு லைட் பாக்ஸில் மாட்டிக் காட்டினேன். "பாரும்மா, தாத்தா கை நெட்டுக்கு மேல இருந்ததுக்கு போட்டோ."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் போனை எடுத்தாள். புது மேட்ச். தோழி எடுத்தது. உச்சியில் நிற்கிறாள், பந்தின் தையல்கூடத் தெரிகிறது.

பெரியவர் போனைத் தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

"முழங்கை எறங்கியிருக்கு. இன்னும் தூக்குனாதான் பந்து கீழ அடிக்கும்."

"தாத்தா..."

"கையில பாக்கும்போது தெரியாது. இதுல தெரியுது பாரு" என்று படத்தை விரலால் பெரிதாக்கப் பார்த்தார். வளைந்துபோன அந்தச் சுண்டுவிரல் குறுக்கே வந்து அடுத்த படத்துக்குத் தள்ளிவிட்டது.

வெளியே டோக்கன் 47 கதவைத் தட்டினார்.