கம்பம் பள்ளத்தாக்கின் பழந்துணி மூட்டை: துணி எடுத்தல், பிரித்தல், சேமித்தல்

உடுத்தித் தேய்ந்த பருத்தித் துணிகளைத் துவைத்து, தரம் பிரித்து, மறுபயன்பாட்டுக்காக வீட்டில் கட்டி வைத்த சேமிப்பே பழந்துணி மூட்டை. தமிழ்நாட்டின் பல பகுதிகளைப் போலவே தேனி வட்டாரத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் இது வீட்டுப் பொருளாதாரத்தின் ஒரு பகுதியாக இருந்தது. குழந்தையின் தூளி, ஒட்டுப்போட்ட விரிப்பு, தலையணை, விளக்குத் திரி, அடுப்படிப் பிடிதுணி எல்லாம் இந்த மூட்டையிலிருந்தே வந்தன. வங்காளத்தின் கந்தா, கர்நாடகத்தின் கௌதி, சிந்துப் பகுதியின் ரல்லி ஆகிய ஒட்டுத்துணி வேலைகள் தனிப் பெயருடன் கலைகளாக அறியப்படுகின்றன. தமிழ் வீடுகளில் அடுக்கித் தைத்த பழஞ்சேலை விரிப்புக்கு அத்தகைய பெயரும் புகழும் கிடைக்கவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த துணியறிவு குறைந்ததன்று.

சொல் வழக்கு

துணியின் வாழ்நாளைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உள்ளன. நீரில் நனையாத புதுத்துணி கோடி. பல முறை துவைத்து இழை மெலிந்தது நைந்த துணி. கிழிந்தது கிழிசல். மேலும் சிதைந்தது கந்தல் அல்லது கந்தை. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்ற பழமொழி, துணியின் மதிப்பு அதன் புதுமையில் மட்டும் இல்லை என்று சொல்கிறது. வீட்டில் துணியைப் பிரிக்கும் வேலையும் ஏறத்தாழ இந்தச் சொற்களின் வரிசையிலேயே நடந்தது.

துணி எடுத்தல்

கம்பம் பள்ளத்தாக்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாட்டு மலைகளுக்கும் இடையில் உள்ளது. 1895-ல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்ட பின் இங்கு நெல் விவசாயம் உறுதிப்பட்டது. விவசாயக் குடும்பங்களில் கையில் காசு புழங்கும் காலம் அறுவடைக் காலமே. எனவே பொங்கல், தீபாவளி, ஊர்த் திருவிழா, கல்யாணம் ஆகிய சில நாட்களுக்குத்தான் துணி எடுப்பது வழக்கம்.

துணி வந்த வழிகள் பல. 1997 வரை இப்பகுதி மதுரை மாவட்டத்தில் இருந்ததால், பெரிய செலவுகளுக்கு மதுரைக் கடைவீதிக்குப் போவது இயல்பாக இருந்தது. 1928-ல் மதுரை - போடிநாயக்கனூர் இருப்புப்பாதை திறக்கப்பட்டது இதை எளிதாக்கியது. மதுரையில் சௌராட்டிரர்கள் முடிச்சிட்டுச் சாயமேற்றிய சுங்குடிச் சேலை பருத்தியால் ஆனது. 2005-ல் புவிசார் குறியீடு பெற்றது. தேனிக்குக் கிழக்கே ஆண்டிபட்டியை ஒட்டிய சக்கம்பட்டியும் டி.சுப்புலாபுரமும் பருத்திச் சேலை நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர்கள். 1935-ல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ், கூட்டுறவு நெசவாளர்களின் துணியை விற்க வழி செய்தது.

வாங்கும்போதே அடுத்த பயன் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. பிள்ளைகளுக்கு உள்மடிப்பு விட்டு வளர்த்தியாகத் தைப்பார்கள். அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே துணியில் பாவாடை எடுப்பார்கள். பின்னாளில் ஒன்று கிழிந்தால் மற்றொன்றிலிருந்து அதே நிறத்தில் ஒட்டுப் போடலாம். தையல்காரரிடம் மிஞ்சும் வெட்டுத்துணியைக் கேட்டு வாங்கி வருவதும் உண்டு. பிற்காலத்தில் வந்த கட்பீஸ் கடைகள் துண்டுத் துணியையே தனி வணிகமாக்கின.

தட்டுப்பாட்டுக் காலம்

இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் துணித் தட்டுப்பாடு கடுமையானது. 1943-ல் அரசு பருத்தித் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது. காசு இருந்தும் வேண்டிய துணி கிடைக்காத காலம் அது. அப்போது வீட்டுப் பழந்துணி மூட்டை சிக்கனத்தின் அடையாளமாக மட்டும் இல்லாமல், மானம் காக்கும் இருப்பாகவும் இருந்தது. இரண்டு நைந்த சேலைகளின் நல்ல பகுதிகளை வெட்டி இணைத்து ஒரு சேலையாக்கி உடுத்துவதும் வழக்கம்.

பிரித்தல்

மூட்டையின் உயிர்நாடி பிரித்தல்தான். நிறம் பார்த்துப் பிரிப்பதை விட, துணி எவ்வளவு மென்மை, எவ்வளவு ஈரம் உறிஞ்சும், இழுத்தால் தாங்குமா என்று பார்த்தே பிரித்தார்கள்.

பலமுறை துவைத்து மெத்தென்று ஆன, ஆனால் இழை விடாத சேலை தூளிக்குப் போகும். குழந்தையின் எடையைத் தாங்க வேண்டும் என்பதால் இதில் கண்டிப்பு அதிகம். இரு கைகளாலும் பிடித்து இழுத்துப் பார்த்து, வெளிச்சத்துக்கு எதிரே விரித்து நைவு தெரிகிறதா என்று பார்த்த பிறகே கட்டுவார்கள். நைந்த வேட்டி பிறந்த குழந்தையைத் துடைக்கவும் சுற்றவும் பயன்பட்டது. கோடித்துணியின் கஞ்சியும் முரட்டு இழையும் பிஞ்சுத் தோலை உறுத்தும் என்பதே காரணம். மாதவிடாய்க்கு நீர் நன்கு உறிஞ்சும் பழம்பருத்தித் துணியைத் தனியே எடுத்து வைத்தார்கள். ஓரம் மட்டும் கிழிந்த சேலைகளை மூன்று நான்காக அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டு விரிப்பாக்கினார்கள். ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டைகள் வயல் வேலைக்கும் ஏலத்தோட்ட வேலைக்கும் போகும் பெண்களுக்குச் சேலைமேல் போட்டுக்கொள்ள உதவின. எதற்கும் ஆகாத வேட்டித் துண்டு விளக்குத் திரியானது.

ஒட்டுப் போடுவதிலும் ஒரு நுட்பம் இருந்தது. புதிய பருத்தித் துணி முதல் நனைப்பில் சுருங்கும். அதை அப்படியே பழைய துணியில் தைத்தால், துவைத்ததும் ஒட்டு சுருங்கி, சுற்றியுள்ள நைந்த துணியைக் கிழித்துவிடும். எனவே புதிய துண்டை முதலில் நனைத்து, கஞ்சி போக அலசிக் காயவைத்த பிறகே பயன்படுத்துவார்கள். சாயம் போகும் துணியை வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைக்க மாட்டார்கள். இன்று ஒட்டுத்துணி விரிப்பு தைப்போர் பலர் பின்பற்றும் விதிகளும் இவையே.

இலவம் பஞ்சும் உறைத்துணியும்

போடிநாயக்கனூர் இலவம் பஞ்சு மெத்தை, தலையணைகளுக்குப் பெயர் பெற்றது. இலவ மரம் வருசநாடு, போடி மலையடிவாரங்களில் வளர்கிறது. காய் வெடித்துப் பஞ்சு காற்றில் பறந்துபோவதைத்தான் 'இலவு காத்த கிளி' என்ற வழக்கு சொல்கிறது. இலவம் பஞ்சின் இழை வழுவழுப்பானது, உள்ளே கூடு போன்றது. அதனால் எடை மிகக் குறைவு. தனியாக நூலாக நூற்பதும் கடினம். இதே வழுவழுப்பால் இடைவெளி உள்ள துணியின் வழியே வெளியேறிவிடும். ஆகவே மெத்தை உறைக்கு நெருக்கமாக நெய்த கெட்டித் துணி வேண்டும். நைந்த சேலை இதற்கு உதவாது, மேலுறையாகத்தான் போடலாம். எந்தத் துணி எதற்கு ஆகும் என்ற பாகுபாடு இங்கும் தெளிவாகத் தெரிகிறது.

சேமித்தல்

நல்ல துணி தகர டிரங்குப் பெட்டியிலும், பழந்துணி ஒரு பழைய சேலையில் மூட்டையாகக் கட்டிப் பரணிலும் இருக்கும். துணியின் பகைவர்கள் ஈரம், பூச்சி, எலி, துரு. நன்றாக வெயிலில் உலர்ந்து, சூடு ஆறிய பிறகே மடித்து வைப்பார்கள். ஈரம் இருந்தால் கரும்புள்ளியாகப் பூஞ்சை படரும். தகரப் பெட்டியின் துரு துணியில் பழுப்புக் கறையாக ஏறும் என்பதால் அடியில் ஒரு பழைய வேட்டியை விரிப்பார்கள். வேப்பிலை, வசம்பு ஆகியவற்றை இடையில் வைப்பதும் உண்டு. பின்னர் அந்துருண்டை வந்தது. உண்மையில் அந்துப்பூச்சி கம்பளியையும் பட்டையும்தான் விரும்பும். பருத்தியை அரிப்பது பெரும்பாலும் இராமபாணப் பூச்சி. அது கஞ்சி மாவைத் தேடி வரும். எனவே நெடுநாள் வைக்க வேண்டிய பருத்தித் துணியில் கஞ்சி இருக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறை மூட்டையைப் பிரித்து, உதறி, மடிப்பை மாற்றி வைப்பது துணி மடிப்பில் இற்றுப்போகாமல் காக்கும்.

கடல் கடந்த துண்டுகள்

துண்டுத் துணியைச் சேர்த்து வைக்கும் பழக்கத்துக்கும் தமிழகக் கடற்கரைக்கும் பழைய தொடர்பு உண்டு. சோழமண்டலக் கடற்கரையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன வண்ணப் பருத்தித் துணியை நாம் சீட்டி என்போம். ஆங்கிலேயர் சின்ட்ஸ் என்றனர். தம் நெசவாளரைக் காக்க இங்கிலாந்து 1700, 1721 ஆகிய ஆண்டுகளில் இத்தகைய துணிகளுக்கு எதிராகச் சட்டங்கள் இயற்றியது. அங்கே சீட்டித் துணி அருமையான பொருள்; சிறு துண்டையும் வீணாக்கவில்லை. இங்கிலாந்தில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒட்டுத்துணி வேலைகளில் ஒன்றாகக் கருதப்படும் லெவன்ஸ் ஹால் மாளிகைப் படுக்கை விரிப்பு, இந்தியச் சீட்டித் துண்டுகளால் ஆனது.

1866-ல் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் இந்தியத் துணிகளிலிருந்து 700 மாதிரிகளை வெட்டி 18 தொகுதிகளாகத் தொகுத்தார். 20 படிகளில் 13 பிரிட்டனுக்கும் 7 இந்தியாவுக்கும் ஒதுக்கப்பட்டன. இந்தியர் என்ன உடுத்துகிறார்கள் என்பதைப் பிரிட்டன் ஆலைகள் அறிந்து, அதைப் போல் செய்து விற்க வேண்டும் என்பதே நோக்கம். இவ்வாறு புதுத்துணியைப் பயன் பார்த்துப் பிரித்த அறிவு அச்சில் ஏறியது. பழந்துணியைப் பயன் பார்த்துப் பிரித்த நம் பாட்டிமார்களின் அறிவு எழுதப்படவில்லை.

செயற்கை இழையின் வரவு

1960-களிலிருந்து டெரிலினும் நைலக்ஸ் சேலையும் கிராமங்களை எட்டின. 1980-களில் பாலியெஸ்டர் மலிந்தது. கசங்காது, சாயம் போகாது, சீக்கிரம் உலரும், நெடுநாள் உழைக்கும். உழைக்கும் பெண்களுக்கு இவை பெரிய வசதிகள். துவைக்கும் நேரமும் கஞ்சி போடும் வேலையும் குறைந்தன.

ஆனால் பாலியெஸ்டர் பழசாகி மெத்தென்று ஆவதில்லை. ஈரத்தை உறிஞ்சுவதும் மிகக் குறைவு. தூளி, குழந்தைத் துணி, திரி ஆகிய எதற்கும் பொருந்தவில்லை. மூட்டையில் சேர்ந்த துணி கூடியது. பயன்படும் துணி குறைந்தது. இதே காலத்தில் பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் தரும் வியாபாரிகள் தெருவுக்கு வந்தார்கள். பல வீடுகளில் மூட்டை அப்படியே கைமாறியது. இன்று பழைய செயற்கை இழைச் சேலைகளைக் காட்டுப்பன்றிக்கும் மயிலுக்கும் எதிராக வயல்வேலியாகக் கட்டுவதைக் காணலாம். பாலியெஸ்டர் வெயிலைத் தாங்கும் என்பதால் அதுவும் பொருத்தமான பயனே.

மாணவர்களுக்கு

துணி எந்த இழை என்று அறிய எளிய சோதனை உண்டு. ஒரு சொட்டு நீர் விட்டால், கஞ்சி போன பருத்தி உடனே உறிஞ்சும். பாலியெஸ்டரில் சொட்டு சற்று நேரம் நிற்கும். ஓரிரு இழைகளைப் பெரியவர் துணையுடன் இடுக்கியில் பிடித்து எரித்தால், பருத்தி காகிதம் எரியும் மணத்துடன் மெல்லிய சாம்பலாகும்; பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். ஆடையில் உள்ள சீட்டை மட்டும் நம்பாமல் இவற்றால் உறுதி செய்யலாம்.

உங்கள் வீட்டுப் பாட்டியிடம் ஐந்து பழந்துணிகளைக் கொடுத்து, எது எதற்கு ஆகும் என்று கேளுங்கள். துணி, பயன், காரணம் என மூன்று கட்டம் போட்டு எழுதுங்கள். அவர் கைகள் துணியைத் தொட்டுப் பார்க்கும் விதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வரலாற்றுக்கு ஆவணம் என்று பெரிதாக எதுவும் இல்லை. அவர்கள் சொல்லி நாம் எழுதினால்தான் உண்டு.